கம்பெனி தானே கட்டுது

மணலி கம்பெனியில் வேலை நிரந்தரமானதும் குடும்பத்துக்கே சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் கார்டு கொடுத்தார்கள். டோல்கேட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். என்ன வியாதி என்று கேட்பதற்கு முன்பே "இன்சூரன்ஸ் இருக்கா?" என்றார்கள். பெருமையாகக் கார்டை நீட்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் பஷீர் பாயின் மனைவி. அதே டாக்டர், அதே ஆபரேஷன். பாய்க்குக் கார்டு கிடையாது. அவர் பில் என்னுடையதில் பாதி.

"இன்னா மாமு, உனக்கு மட்டும் ரெண்டு மடங்கு போட்டுக்கீறான்? போய் கேளு."

"கம்பெனி தானே பாய் கட்டுது" என்று சிரித்தபடி பில்லில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் மாதம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கச் சொன்னார்கள். அதே கவுன்டர். "இந்த வருஷ லிமிட்டு உங்க மனைவி பில்லுலயே முடிஞ்சிடுச்சு சார்."

பெஞ்சிலிருந்து அப்பா என் முகத்தைப் பார்த்தார். "இன்னாத்துக்குடா பயப்படுற? அதான் கார்டு கீதே."

அன்று நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவருடைய வைத்தியத்தை. இன்றுவரை அதை அவரிடம் சொல்லவில்லை.