கத்தி கொண்டு வரமாட்டன்

லண்டனில் நான் இருக்கும் தெருவில், பாண் கடைக்கும் சப்பாத்துக் கடைக்கும் நடுவில் ஒரு சாவுக்கடை இருக்கிறது. கடை என்றுதான் சொல்லவேண்டும். கண்ணாடி, பூச்சாடி, நீலத் திரை, பித்தளைப் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. சனம் பாணைக் கடித்தபடி அதைக் கடந்து போகும். வந்த புதிதில் அதைத் தளபாடக் கடை என்று எண்ணி மேசை ஒன்றுக்கு விலை கேட்கப் போனேன். கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன் என்றார். இன்னும் வாங்காத மேசைக்கு எதற்குத் துக்கம் என்று நான் முழித்தேன். விளங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத் தொழில் காரணமாக வரவில்லை. சில மாதம் கழித்து, கணக்காளர் பரீட்சையில் இரண்டாந்தரமும் கோட்டை விட்டு வாடகைக்கு வழி தேடியபோது, அதே கடையின் பின்கதவைத் தட்டினேன். முன்கதவு அழுகிறவர்களுக்கு.

மூன்று வருடமாகச் சவங்களைக் கழுவி, முகம் வழித்து, தலை சீவி, கழுத்துப்பட்டி கட்டிவிடுகிறேன். ஊருக்கு எழுதும் கடிதங்களில் ‘ஒரு கம்பனியில் டிரெக்டருக்கு உதவியாக இருக்கிறேன்’ என்று மட்டும் எழுதுவேன். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. கறுப்புக் கோட்டுக்காரரை இங்கே டிரெக்டர் என்றுதான் சொல்கிறார்கள். பெரியையா, அதாவது என் ஐயாவின் தமையன், அந்த ஒரு வரியைக் கோப்பாய் முழுக்கக் கொண்டு திரிந்து எனக்கு இரண்டு நல்ல இடத்துச் சம்பந்தமும் பேசிவிட்டார். ஐயா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்துக்குக் கடிதம் ‘குளிருக்குக் காதை மூடு’ என்று எழுதுவார்.

அந்த ஐயா செத்துப்போனார் என்று தந்தி வந்தது. காலையில் செத்தால் பின்னேரம் எரிக்கிற ஊர் எங்களுடையது. நான் போய்ச் சேர மூன்று நாள். ஒரே மகன், கொள்ளி வைக்கவேண்டியவன். ஆகவே பெரியையா யாழ்ப்பாணப் பட்டினத்தில் மலர்ச்சாலை வைத்திருந்த அந்தோனிப்பிள்ளையைப் பிடித்தார். பிரேதம் பழுதாகாமல் மருந்து ஏற்றுவது, பெட்டி, கறுப்புக் கார், வாடகைக் கதிரை, வானொலியில் மரண அறிவித்தல் எல்லாம் அவர் பொறுப்பு. அறிவித்தலில் ‘லண்டன்’ என்ற சொல் இரண்டு இடத்தில் வரவேண்டும் என்று பெரியையா அவரோடு மல்லுக்கட்டி வென்றாராம். செத்தவரின் பெயர் ஒருதரம்தான் வந்தது.

நான் போய் இறங்கியபோது அந்தோனிப்பிள்ளை முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். பெரியையா அவருக்கும் கதிரை கொடுத்து, கோப்பையில் தேத்தண்ணியும் கொடுத்து, அதற்குப் பிறகும் சமாதானம் வராமல், உங்கடை சொந்த இடம் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். லண்டனில் என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. அங்கே பார்த்தவுடனேயே தெரிந்துவிடுகிறது. அந்தோனிப்பிள்ளை பெரியையாவிடம் கொடிகாமம் என்றார். என் மச்சானிடம் தெல்லிப்பழை என்றார். ஏன் அப்படி என்று தனியே கேட்டேன்.

“ஒரு இடம் சொன்னா ஆரின்ரை மோன், என்ன சாதி எண்டு அடுத்த கேள்வி வரும், தம்பி. ரெண்டு இடம் சொல்லிவிட்டால் அவை தங்களுக்குள்ளை பிடுங்குப்படுவினம். நான் என்ரை வேலையைப் பார்ப்பன்.”

உள்ளே போய் ஐயாவைப் பார்த்தேன். மருந்து நன்றாகத்தான் ஏற்றியிருந்தார்கள். ஆனால் கன்னமெல்லாம் வெள்ளை முள்ளாக மயிர் நின்றது. ஒன்றுவிட்ட ஒருநாள் முகம் வழிக்காமல் ஐயா படலை தாண்டியதில்லை. எங்கள் ஊர் நாவிதரான பரியாரி பொன்னர்தான் நாற்பது வருடமாக அதைச் செய்தார். விடியப்புறம் பின் படலையால் வருவார், கிணற்றடியில் நின்று வேலையை முடிப்பார், சிரட்டையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பின் படலையாலேயே போவார். செத்தவீட்டில் பிரேதத்தை வழிப்பதும் அவருடைய கடமை. இந்தப் பரம்பரை ஊழியத்துக்குக் குடிமை என்று பெயர். பிறகு காலம் மாறியது. இனிக் குடிமை செய்யமாட்டோம் என்று பொன்னரின் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். பொன்னரின் மகன் சந்தியில் சலூன் போட்டான். பெரியையா தாடி வளர்த்தார். ஐயாவோ சைக்கிளில் போய், சலூன் வாங்கில் குந்தி முறைக்குக் காத்திருந்து, அதே பொன்னரிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்காகத் தமையனும் தம்பியும் ஆறு மாதம் கதைக்கவில்லை.

இப்போது பெரியையா பொன்னருக்கு ஆள் அனுப்பியிருந்தார். “வந்து இருப்பன், கத்தி கொண்டு வரமாட்டன்” என்று பதில் வந்ததாம். அந்தோனிப்பிள்ளையின் உதவியாளன் வருவதாக இருந்தது, காய்ச்சலில் படுத்துவிட்டான். அப்படியானால் நீங்களே வழித்துவிடுங்கள் என்று அந்தோனிப்பிள்ளையைக் கேட்டேன். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, தான் பெட்டி, கார், மருந்து மட்டும்தான், முகத்தில் கை வைப்பதில்லை என்றார். பார்த்தீர்களா, அவருக்கும் கீழே ஒருவன் தேவைப்படுகிறான். பெரியையா, முகத்தைத் துணியால் மூடி எடுப்போம், பொழுது படமுதல் சுடலைக்குப் போய்விடவேண்டும் என்றார். நாற்பது வருடம் மழமழவென்று திரிந்த மனிதனைக் முள்ளு முகத்தோடு மூடி எடுப்பதாம். இத்தனை ஆம்பிளைகள் முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க.

எனக்கு விசர் பிடித்துவிட்டது. சட்டையைக் கழற்றினேன். என் பயணப்பெட்டியில் இருந்த சவரக்கத்தியை எடுத்துத் தீட்டினேன். சுடுதண்ணி கேட்டேன். பெரியையா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“கொள்ளி வைக்கிற கையாலையோ சவரக்கத்தி பிடிக்கிறாய்? உனக்கு உந்த வேலை எங்கை பழக்கம்?”

நான் அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கழுத்தின் கீழ் துவாயைச் சுருட்டி வைத்து, சுடுதண்ணியில் நனைத்த துணியைக் கன்னத்தில் போட்டுப் பொறுத்து, தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தேன். முன்பின் தெரியாத எத்தனையோ வெள்ளைக்காரரை வழித்த கை அது. ஊரைவிட்டுப் போனபிறகு நான் ஐயாவைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அழுதுகொண்டே வழித்தேன். அந்தோனிப்பிள்ளை கதவடியில் நின்று என் கைகளையே பார்த்தார். தொழில் தெரிந்த கண்.

“எவ்வளவு காலம், தம்பி?”

“மூண்டு வருசம்.”

அவர் வெளியே போனார். முற்றத்தில் அவர் பெரியையாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. லண்டனில் இதற்குப் படிப்பு இருக்கிறது, டிப்ளோமா இருக்கிறது, பெரிய இடத்துப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள் என்றார். டிப்ளோமாவைப் பற்றி நான் கேள்விப்பட்டதே அப்போதுதான். பிறகு பெரியையாவின் குரல் வந்தது: லண்டன் முறையில் செய்கிறானாம். சனம் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. நான் கை கழுவ வெளியே வந்தபோது இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கிழவர்களுக்கும் நான் ஊரில் நிற்கும்போதே ஏதும் நடந்தால் நல்லது என்கிற மாதிரிக் கதைத்தார்கள்.

பொன்னர் முன் படலையால் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை. யாரும் இருக்கச் சொல்லுமுன்னமே ஒரு கதிரையில் இருந்தார். முற்றத்து டிப்ளோமாக் கதையைக் கேட்டபின் எழுந்து போய் ஐயாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். முன்பெல்லாம் பொடியனான என்னையும் ‘நயினார்’ என்று விளித்தவர் அவர்.

“நல்லா வழிச்சிருக்கிறாய், தம்பி. இடப்பக்க மச்சம் பொல்லாதது. நான் ரெண்டுதரம் வெட்டிப்போட்டன், கொப்பர் ஒண்டும் சொல்லேல்லை.” பிறகு குரலைத் தணிக்காமலே சொன்னார்: “நாங்கள் பரம்பரையாச் செய்தா குடிமை. நீ செய்தா டிப்ளோமா, என்ன?”

எனக்கு டிப்ளோமா ஒன்றும் இல்லை, நானும் கூலிக்குப் பிணம் கழுவுகிறவன்தான் என்று அந்த முற்றத்தில் உரக்கச் சொல்லியிருக்கவேண்டும். பெரியையா பக்கத்தில் நின்றார், மச்சான் நின்றார், சம்பந்தம் பேசிய ஆட்களும் நின்றார்கள். நான் தலை குனிந்தேன். அவர் என் தோளில் ஒருதரம் தட்டிவிட்டுச் சுடலைவரை எங்களோடு நடந்து வந்தார்.

லண்டனுக்குத் திரும்பி இரண்டு மாதத்தில் பெரியையாவின் கடிதம் வந்தது. நான் செத்தால் என்ரை அலுவலையும் நீதான் வந்து பார்க்கவேணும், வேறு ஆரும் தொட நான் சம்மதியேன், எத்தனை நாளென்றாலும் அந்தோனிப்பிள்ளை என்னை வைத்திருப்பார் என்று எழுதியிருந்தார். தாடியையும் எடுத்துவிடும்படி கேட்டிருந்தார். கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நல்ல மழை. பின்சந்து முழுக்க வெள்ளம் நின்றதால் அன்று மட்டும் முன்கதவைத் தள்ளினேன். உள்ளே செத்தவர் ஒருவரின் மகன் நல்ல கோட்டோடு நின்றான். நான் முதல்நாள் வழித்தது அவனுடைய தகப்பனைத்தான். அவன் எனக்குக் கை கொடுக்க வந்தான். டிரெக்டர் மெல்ல இடையில் வந்து நின்று, கண்ணால் எனக்குத் தெருவைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்து, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணியில் பின்கதவுக்குச் சுற்றிப் போனேன்.