தட்டாமல் விட்ட பதினொரு கதவுகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாயால்தான் எழுபதுகளின் பிற்பாதியில், ரொறன்ரோவில், ஒரு கட்சியின் வேட்பாளராக நிற்க ஆசைப்படும் அளவுக்குப் போனேன். பேச வேண்டிய ஓரிடத்தில் அதே வாயை மூடிக்கொண்டேன். இங்கே எழுதப்போவது அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில், அடுத்தடுத்து நின்ற இரண்டு அடுக்குமாடிகளில் ஒன்றில் குடியிருந்தோம். எனக்கு ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. என் கணவருக்கு, இவர் என்றே எழுதிவிடுகிறேன், ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறும் வேலை. ஒரு ஜனவரியில் கட்டடத்தின் சூடாக்கி நின்றுபோய், மூன்று நாள் குளிர்கோட்டோடு படுத்து எழும்பினோம். நான்காம் நாள் காலையில் இரண்டு கட்டடத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு நிர்வாகியின் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் சூடு வந்தது. குடியிருப்போர் சங்கம் ஒன்று தொடங்கி, என்னையே தலைவியாக்கினார்கள்.

நாலாம் மாடியில் இருந்த ஐரிஷ்காரர் ஒருவர் பஸ் ஓட்டுநர். கட்சியின் தொகுதிக் கிளைக்கு அவர்தான் செயலாளர். மாகாணத் தேர்தல் வரப்போகிறது, தொகுதியில் யாரை நிறுத்துவது என்று கட்சி உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கப் போகிறார்கள், நீயும் போட்டியிடு என்றார். வேண்டாம் என்று ஒருதரம் சொன்னேன். இரண்டாம் தரம் அவர் கேட்கும்வரை காத்திருக்க முடியாமல் நானே போய் சம்மதம் சொன்னேன்.

போட்டியில் மூன்று பேர். தொகுதியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கறிஞர், ஓர் உயர்பள்ளி ஆசிரியர், நான். எங்கள் இரண்டு கட்டடங்களிலும் பதினொரு தமிழ் வீடுகள் இருந்தன. அவற்றில் இருபத்தாறு பேரைக் கட்சியில் சேர்த்தேன். பலர் தொழிற்சாலையில் மாறி மாறி வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமை அரைநாளைக்கூட அவர்களால் லேசில் விடமுடியாது. அதனால் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "ஒரு மணிக்கு வாங்கோ. புள்ளடி போட்டிட்டு உடனே போகலாம். உங்களை மினைக்கெடுத்தமாட்டன்."

ஊரில் அப்படித்தானே? வாக்குச்சாவடிக்குப் போவோம், வாக்குச்சீட்டில் புள்ளடி போடுவோம், வீட்டுக்கு வந்து சோறு போடுவோம். இங்கே உள்கட்சித் தெரிவில் ஒருவருக்குப் பாதிக்கு மேல் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப வாக்களிப்பு நடக்கும் என்று பஸ் ஓட்டுநர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் சுற்றிலேயே வென்றுவிடுவேன் என்று அவ்வளவு நினைப்பு எனக்கு.

மார்ச் கடைசியில், ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் கூட்டம் நடந்தது. தரையில் கூடைப்பந்துக் கோடுகள். அதன்மேல் எல்லாருடைய சப்பாத்திலிருந்தும் உருகிய பனித்தண்ணீர். எங்கள் ஆட்கள் இருபத்தாறு பேரும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், நெஞ்சில் என் பெயர் போட்ட மஞ்சள் பட்டன் குத்தியிருந்தார்கள், வாக்களித்தார்கள், போய்விட்டார்கள். போகும்போது ஒவ்வொருவரும் என்னிடம் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

முதல் சுற்றில் வழக்கறிஞருக்கு நூற்றுப் பன்னிரண்டு. எனக்கு நூற்று நான்கு. ஆசிரியருக்கு முப்பத்தொன்பது. ஆசிரியர் விலக வேண்டும். விலகுகிறவர், தான் யாரை ஆதரிக்கிறாரோ அவர் இருக்கும் பக்கத்துக்கு மண்டபத்தைக் குறுக்கே நடந்து போவது இங்குள்ள வழக்கம். அந்த மனிதர் எழும்பி, கூடைப்பந்துக் கோடுகளையெல்லாம் தாண்டி, நேரே என்னிடம் வந்தார். என் மஞ்சள் பட்டனை வாங்கித் தன் கோட்டில் குத்திக்கொண்டார். மண்டபம் அதிர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் இவர் என் காதுக்குள் சொன்னார்: "பின்னாலை ஒருக்காத் திரும்பிப் பாரும்."

பின்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

இரண்டாம் சுற்றில் வழக்கறிஞருக்கு நூற்று இருபத்தொன்று. எனக்கு நூற்றெட்டு. பதின்மூன்று வாக்கால் தோற்றேன். இருபத்தாறு பேர் வீட்டில் இருந்தார்கள்.

தோற்றவர் மேடைக்குப் போய், இந்த முடிவை எல்லோரும் ஒருமனதாக எடுத்ததாக வைத்துக்கொள்வோம் என்று முன்மொழிவதும் ஒரு வழக்கம். சபை ஆம் என்று சத்தம் போடும். அதோடு சண்டை முடிந்தது, எல்லோரும் ஒரே கட்சி. கூட்டத் தலைவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கறிஞரும் பார்த்தார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. என்னுடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவர் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலைவர் கூட்டத்தை முடித்தார்.

வீட்டுக்கு வந்தால் கீழே வாசலில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சிரித்த முகத்தோடு நிற்கிறார்கள். வென்ற செய்தி கேட்கக் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. உங்களைப் போகச் சொன்னது நான், பிழை என்னுடையது என்று எப்படிச் சொல்வது? "எங்களை ஏமாத்திப்போட்டாங்கள்," என்றேன். "ரெண்டாந்தரம் வோட்டு எண்டு எங்கட ஆக்களுக்கு ஒருத்தனும் சொல்லேல்லை. இனி ஒருதரும் அவையின்ரை பக்கம் தலை வைச்சும் படுக்கக்கூடாது."

"ஓம் அக்கா," என்றார் ஐந்தாம் மாடித் தம்பி. தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். நான் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லாதவர். "நீங்கள் சொன்னாச் சரி."

பிறகு ஒரு மாதம் வீம்பு பிடித்தேன். கட்சியின் தலைமையகத்துக்கு மூன்று கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினேன். தெரிவு செல்லாது, திரும்ப நடத்த வேண்டும் என்று. பஸ் ஓட்டுநருக்குத் தர்மசங்கடம். ஆசிரியர் என்னோடு வந்தவர் என்பதால் அவரும் ஒதுங்கி நின்றார். கட்சிக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து, கடையில் கண்டால்கூட முகம் பார்ப்பதில்லை. இதற்கிடையில் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். மாகாணச் சட்டசபையில் தொகுதிக்கு அதுவரை இருந்த மற்றக் கட்சி உறுப்பினர், எங்கள் சூடாக்கி விஷயத்தில் கட்டட முதலாளிக்காகப் பேசிய அதே மனிதர், ஆறுதலாக, ஒரு அவசரமும் இல்லாமல் சுவரொட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வழக்கறிஞர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வடையும் தேநீரும் கொடுத்தேன். வந்தவருக்குக் கொடுக்காமல் விடமுடியுமா? உறைப்பில் கண் கலங்கிக்கொண்டே இரண்டு வடை சாப்பிட்டார். நீ ஆட்களைச் சேர்த்தாய், நானும் சேர்த்தேன், அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை, வாதாட வரவில்லை, இந்த இரண்டு கட்டடங்களும் இல்லாமல் என்னால் வெல்லமுடியாது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். எனக்கு அந்த மனிதரை வெறுக்க ஆசையாக இருந்தது. முடியவில்லை.

அவர் போன பிறகு இவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "உமக்கு உண்மையா ஆரிலை கோவம்?"

நான் மிச்ச வடையை எடுத்து மூடி வைத்தேன். 

அடுத்த சனிக்கிழமை, காலியாகக் கிடந்த ஒரு துணிக்கடையில் அவருடைய தேர்தல் அலுவலகம் திறந்தார்கள். பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போனேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் மஞ்சள் பட்டனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு முன்பு சொல்லவேண்டிய வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்தத் தெரிவை ஒருமனதானதாக ஆக்கும்படி முன்மொழிகிறேன். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. ஆசிரியர் வந்து என் கையைப் பிடித்தார். பஸ் ஓட்டுநர் கோப்பி கொண்டுவந்து தந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் படமும் வந்தது. நெஞ்சுப் பாரம் இறங்கியது போல உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு நாய் மாதிரி உழைத்தேன். வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் சிவப்புச் செங்கல் வீடுகள் உள்ள தெருக்களில் கதவு தட்டினேன். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே அடையாளம் போடவேண்டும்: நமக்குப் போடுவார், போடமாட்டார், தெரியாது. எங்கள் இரண்டு கட்டடங்களின் பட்டியலும் இயல்பாகவே என் கைக்குத்தான் வந்தது. அப்போது கொமன்வெல்த் நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லாமலே இங்கே வாக்கு இருந்தது. பதினொரு தமிழ் வீடுகளின் பெயர்களும் பட்டியலில் இருந்தன. மற்ற வீடுகளைத் தட்டினேன். அந்தப் பதினொன்றையும் தட்டவில்லை. இருபத்தாறு பெயருக்கும் நேரே, சமையலறை மேசையில் இருந்தபடியே, நமக்குப் போடுவார் என்று அடையாளம் போட்டேன்.

இவர் பார்த்தார். "அவையளோடை கதைச்சனீரோ?"

"எங்கட ஆக்கள்தானே. நான் நிக்கிற பக்கம்தானே நிப்பினம்."

அவர்களுக்குப் பத்திரிகையில் படம் வந்தது தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பத்திரிகையை எங்கள் கட்டடத்தில் குப்பை சுற்றத்தான் எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. கதவைத் தட்டினால், அன்றைக்கு ஏமாற்றினார்கள் என்றீர்களே, இன்றைக்கு ஏன் அவர்களுக்கு வாக்குக் கேட்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு ஒரேயொரு பதில்தான் இருந்தது. முன்பின் தெரியாத நூறு பேர் முன்னால் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கூசாத எனக்கு, தினமும் லிஃப்டில் பார்க்கிற ஆட்களிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜூன் மாதம் தேர்தல் நடந்தது. வழக்கறிஞர் பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

பத்தொன்பது. மழை பெய்யாதிருந்தால், ஒரு பஸ் பிந்தாமல் வந்திருந்தால் என்று எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் மழையைத்தான் சொன்னேன். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் நின்றேன். அதற்கடுத்த நாள் காலையில் உடுப்புக் கழுவும் அறைக்குப் போனால், ஐந்தாம் மாடித் தம்பி உலர்ந்த துணியை மடித்துக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ச்சி.

"அக்கா, கேள்விப்பட்டனீங்களே? அந்தாள் தோத்துப்போச்சு!"

"ஓம்."

"எங்களிலை ஒருதரும் போகேல்லை அக்கா. மற்றக் கட்டடத்திலையும் ஒருதரும் போகேல்லை. அங்கை நான் நேரை போய் எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வந்தனான், அக்காவுக்குச் செய்த அநியாயத்துக்கு அவருக்கு ஒரு புள்ளடியும் விழக்கூடாதெண்டு."

நான் பாராட்டுவேன் என்று நின்றார். கையில் என்ன இருந்தது, துணியைப் பொறிக்குள் போட்டேனா என்பதெல்லாம் நினைவில்லை. பக்கத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டார். இருபத்தாறு பேரும் நான் சொன்ன சொல்லை அப்படியே கேட்டிருக்கிறார்கள். புள்ளடி போட்டுவிட்டுப் போங்கோ என்றேன், போனார்கள். அந்தப் பக்கம் போகக்கூடாது என்றேன், போகவில்லை.

அன்று பின்னேரம் சேலையைக்கூட மாற்றாமல் கதவுகளைத் தட்டத் தொடங்கினேன். இவர் கூட வரவா என்றார். வேண்டாம் என்றேன். பதினொரு வீட்டிலும் வாசலில் நின்று ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன்: "அண்டைக்கு எங்களை ஒருதரும் ஏமாத்தேல்லை. நான்தான் உங்களைப் போகச் சொன்னனான். அந்தாள் நேர்மையா வெண்டது, நான் தோத்தனான்." சிலர் பரவாயில்லை என்றார்கள். ஐந்தாம் மாடித் தம்பி தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் மரியாதையாகத்தான் இருந்தார், ஆனால் ஓம் அக்கா என்று உடனே சொல்வதை விட்டுவிட்டார்.

கடைசி வீடு மற்றக் கட்டடத்தில், ஒன்பதாம் மாடி. இரவு வேலைக்குப் போகிற ஒரு பெண், என் வயதுதான். கையில் சோற்றுக்கரண்டியோடு வந்து கதவைத் திறந்தவர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்.

"இதைப் போன கிழமை வந்து சொல்லியிருந்தா, நாங்கள் போய்ப் போட்டிருப்பமே?"

போட்டிருப்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். உள்ளே வந்து இருங்கோ, சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்க மனமில்லாமல் ஒன்பது மாடியும் படியால் இறங்கி வந்தேன்.