நீலம் கேட்டால் பச்சை

கோரிப்பாளையத்தில் எங்களுக்குத் தையல் சாமான் கடை. நூல்கண்டு, லைனிங் துணி, பட்டன், ஜிப் எல்லாம் விற்போம். மதியத்துக்கு மேல் நானும் போய் உட்காருவேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தையல்காரர் நூல்கண்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"பாய், நீலம் கேட்டா பச்சையக் குடுத்து விட்டுருக்கீங்க. போன வாரமும் இப்படித்தான்."

என் கணவர் டியூப்லைட்டைக் குறை சொன்னார். புது லைட் மாட்டியும் அதே கதைதான். கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்தக் கண்ணாடி போட்டும் எழுத்துப் பலகையின் கடைசி வரிகள் அவருக்குப் பிடிபடவில்லை. கண் நரம்பு வெளிறியிருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா, குடும்பத்தில் யாருக்காவது பார்வை மங்கலா என்று கேட்டார். என் மாமனார் பேப்பரை மூக்கில் ஒட்டித்தான் படிப்பார். வயதுக்கோளாறு என்றே நினைத்திருந்தோம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா சும்மா கிடக்காதுங்க. ஒண்ணோட ஒண்ணு சேரும், பிரியும். சேர்ந்தாத்தான் ஒண்ணோட குறைய இன்னொண்ணு ஈடுகட்டும். பிரிஞ்சாத்தான் கெட்டதைக் கழிச்சுவிட முடியும். உங்களுக்கு அதுகளைச் சேர்த்துவைக்கிற புரதம் குறைவு. கண் நரம்புக்குச் சக்தி நிறைய வேணும். அதான் முதல்ல அங்க தெரியுது."

"மருந்து?" என்று கேட்டார் என் கணவர்.

"இப்போதைக்கு இல்ல. ஆனா மங்கல் மெதுவாத்தான் கூடும். முழுசா இருட்டாகிறது அபூர்வம்."

என் கணவர் கேட்ட அடுத்த கேள்வி எங்கள் மகளைப் பற்றி. இது பரம்பரையாக வருவது, அவளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார் டாக்டரம்மா.

அதன்பின் பல மாதங்கள் என் கணவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் கேட்டால், "பிள்ள நல்லாத்தான இருக்கா, விடு" என்பார். ஒருநாள் காலை அவராகவே, "கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் நரம்பு லேசாக வெளிறியிருந்தது. பார்வை இன்னும் நன்றாகவே இருந்தது. திரும்பும்போது ஆட்டோவில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத்தா, நான் முத பெஞ்சுல உக்காந்துக்கிறேன். அம்புட்டுதானே," என்றாள் அவள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது நூல் அலமாரி என் பொறுப்பு. பட்டனும் ஜிப்பும் அவருக்கு. விரலால் தடவியே அளவு சொல்லிவிடுவார். வருடம் ஒருமுறை அவரும் மகளும் கண்ணைக் காட்டிவிட்டு வருகிறார்கள். நரம்புக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதால் அவர் சிகரெட்டையும் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகப் வறுத்த நிலக்கடலையைக் கொறிக்கிறார். கல்லாப்பெட்டியைச் சுற்றி எந்நேரமும் தோல்.