கேள்வி கேட்கப் போன வீடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்ல முதல் நானே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரியாலை, கொழும்புத்துறைப் பக்கம் மருத்துவிச்சியாக வேலை செய்தபோது, கிளினிக் நாளில் என் குரல் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்கும் என்பார்கள். வாசிகசாலை விறாந்தையில் தராசைக் கொழுவிப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுப்போம். நிறை ஏறாத பிள்ளையின் தாய்க்கு என்னிடமிருந்து நல்ல அர்ச்சனை விழும்.

"கீரை குடுத்தனியோ? பயறு குடுத்தனியோ? பிறகேன் பிள்ளை இப்பிடி வத்தலாய்க் கிடக்கு?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் மிஸ்ஸி" என்பார்கள். எங்கள் பக்கம் தாதியையும் மருத்துவிச்சியையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவது. அந்த "ஓம் மிஸ்ஸி"யைக் கேட்டால் வேலை முடிந்தது என்று நான் அடுத்த பிள்ளையைத் தூக்குவேன்.

அந்த நேரம் எங்களுக்குப் புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்தார். என்னிலும் நன்றாக இளையவர். இரண்டு கிளினிக்குகளில் பேசாமல் ஒரு மூலையில் இருந்து பார்த்துவிட்டு, சனம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"மிஸ்ஸி, நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. ஆனால் அதிலை ஒண்டையாவது ஆரும் வீட்டை போய்ச் செய்யினமோ?"

எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவர் எனக்குப் படிப்பிக்கிறாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடவில்லை.

"ஒரு தாயோடை எங்களுக்கு அஞ்சு நிமிஷந்தான் கிடைக்குது. அது முழுக்க நாங்கள்தான் கதைக்கிறம். மாத்திப் பாப்பம். அவவைக் கேளுங்கோ. என்ன பயம், என்ன கஷ்டம், தன்னாலை எது ஏலும் எண்டு அவவின்ரை வாயாலையே வரட்டும். நீங்கள் ஏதும் சொல்ல வேணுமெண்டாலும், சொல்லலாமோ எண்டு கேட்டிட்டுச் சொல்லுங்கோ."

குடிகாரரைத் திருத்துவதற்கு வெளிநாட்டில் யாரோ தொடங்கிய முறையாம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது. போர்க்காலம், மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தடை, சீனியைக் கண்ணில் காண்பதே அருமை. அரிசிப் பானை காலியாக இருக்கிற வீட்டில் போய் "உமக்கு என்ன யோசினை" என்று கேட்டால் சிரிக்க மாட்டார்களா? என்றாலும் டொக்டர் சொன்னால் தட்ட முடியாது.

முதலில் கேட்கச் சொல்லி அவர் என்னை அனுப்பியது கொழும்புத்துறைக் கரையோரம் இருந்த ஒரு வீட்டுக்கு. அங்கே ஒரு இளம் தாய், இரண்டரை வயதில் ஒரு பெண்பிள்ளை. பிள்ளையின் நிறை பல மாதமாக ஒரே இடத்தில் நின்றது. முந்தி ஒரு கிளினிக்கில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் நான் அந்தத் தாயை "நீ பிள்ளை வளக்கிறியோ, பொழுது போக்கிறியோ?" என்று கேட்டிருந்தேன். அதோடு அவள் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "உந்தப் பிள்ளைக்கு ஒரு வயித்தோட்டம் வந்தால் தாங்காது மிஸ்ஸி. நீங்கள்தான் போகவேணும்," என்றார் டொக்டர். என் வாயால் வந்த வினையை நானே போய்க் கழுவ வேண்டியிருந்தது.

சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் படலையைத் திறந்தேன். என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளிறிப் போனது. உள்ளே ஓடி ஒரு கதிரையைக் கொண்டுவந்து, சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தாள். பிள்ளை தாயின் காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. மெல்லிய கழுத்து, பெரிய கண்கள்.

"பிள்ளையைப் பற்றி உமக்கு என்ன யோசினை?" என்று கேட்டேன்.

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கீரை, பயறு, பேரீச்சம்பழம் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் அவள் வாய் திறந்தாள். "இரவிலை எழும்பி எழும்பி மூக்கிலை கை வைச்சுப் பாக்கிறனான் மிஸ்ஸி. மூச்சு வருதோ எண்டு."

பிறகு, "நான் பிள்ளையைப் பாக்கிறேல்லை எண்டு நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை சொன்னியள்," என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதோ தானே பிழை விட்டவள் மாதிரிச் சொன்னாள். நான் கூனிக் குறுகிப் போனேன். "நான் அப்பிடிக் கதைச்சது பிழை," என்று மட்டும் சொன்னேன். பிறகு டொக்டர் சொல்லித் தந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"இப்ப உம்மாலை என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறீர்?"

கடலுக்குப் போகத் தடை என்பதால் புருஷன் சைக்கிளில் சண்டிலிப்பாய்க்குப் போய்ப் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறான் என்றாள். வேலை எல்லா நாளும் இல்லை. வீட்டில் ஒரு கோழி நிற்கிறது, இப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருக்கிறது. "அந்த முட்டையைக் கடைக்குக் குடுக்காமல் பிள்ளைக்குக் குடுக்கலாம்," என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் சொல்லியிருந்தாலும் அதே முட்டையைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இது அவள் வாயால் வந்தது. டொக்டர் கெட்டிக்காரிதான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

நான் எழும்பப் போக, "இருங்கோ மிஸ்ஸி, இந்தா வாறன்," என்று குசினிக்குள் போனாள். கரண்டியால் எதையோ அடிக்கிற சத்தம் கேட்டது. நுரை பொங்கப் பொங்க ஒரு கிளாஸைக் கொண்டுவந்து நீட்டினாள். முட்டைக் கோப்பி. எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கும் பெரிய டொக்டருக்கும் கொடுக்கிற மரியாதை அது.

இது பிள்ளையின் முட்டை என்பது எனக்கு உடனே விளங்கியது. விளங்காமல் குடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. நான் சண்டிலிப்பாய்த் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் கரையோர வீடுகளில் கை நனைக்க மாட்டார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று படலையிலேயே நின்று நழுவிவிடுவார்கள். அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். நான் அப்படி இல்லை என்று காட்ட எனக்கு அது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. கடைசித் துளி வரைக்கும் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு பிள்ளை" என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்தது.

திரும்பி வரும்போது சைக்கிள் தானாக ஓடியது. கேட்கவும் தெரிந்துவிட்டது, சாதி பார்க்காமல் குடிக்கவும் தெரியும். என்னைப்போல யார் உண்டு என்று இருந்தது. ஒரு முட்டைதானே, இனி வாறதெல்லாம் பிள்ளைக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒவ்வொரு புதன்கிழமையும் வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். சொன்னபடி போனேன். ஒவ்வொரு புதனும் கோப்பி வந்தது. ஒவ்வொரு புதனும் குடித்தேன். டொக்டருக்கு அவள் சொன்னதையெல்லாம் வரிக்கு வரி ஒப்புவிப்பேன், கோப்பியை மட்டும் சொல்ல மாட்டேன். சொல்லாமல் விட்டேன் என்றால், அதில் பிழை இருப்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் சோற்றுக்கு முன்னால் கை நின்றுவிடும்.

பிள்ளையின் நிறை அசையவே இல்லை. "முட்டை குடுக்கிறீரோ?" என்று கேட்பேன். "ஓம் மிஸ்ஸி," என்பாள். விறாந்தையில் எத்தனையோ தரம் கேட்ட அதே "ஓம் மிஸ்ஸி". அவளோடு எனக்கு நல்ல ஒட்டு வந்துவிட்டது என்ற நினைப்பில் நான் அதைக் கவனிக்கவில்லை. டொக்டர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். குடற்பூச்சிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார். சத்துமா கிடைத்தபோது அனுப்பினார். நான் மற்றக் கேள்வியெல்லாம் கேட்டேன். அந்தக் கோழி கிழமைக்கு எத்தனை முட்டை இடுகிறது, அது யார் வயிற்றுக்குள் போகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை குண்டு போடுகிற பொம்பர் வானத்தில் சுற்றிக்கொண்டே நின்றதால் நான் வெளிக்கிடவில்லை. வெள்ளிக்கிழமை நிலைமை தணிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் போனேன். பிள்ளை முற்றத்தில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. கஞ்சி என்பது பேர்தான், கோப்பையின் அடி தெரிந்தது. தாய் என்னைக் கண்டு பதறி எழும்பினாள். குசினி வாசலில் ஒரு ஓலைப்பெட்டி, தவிட்டுக்குள் ஒரு முட்டை.

"நல்லதாய்ப் போச்சு, இதை அவிச்சுப் பிள்ளைக்குக் குடுப்பம்," என்று குனிந்து எடுத்தேன்.

பிள்ளை கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தது. முட்டையை வாங்கித் திரும்பவும் தவிட்டுக்குள் கவனமாக வைத்தது.

"அது மிஸ்ஸிக்கு," என்றது.

தாய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் கதிரைக்குப் போகாமல் குசினி வாசற்படியில் இருந்தேன்.

"மற்ற முட்டையெல்லாம்?" என்று கேட்டேன்.

"கோழி கிழமைக்கு ரெண்டோ மூண்டோதான் இடுது மிஸ்ஸி. ஒண்டை உங்களுக்கு வைக்கிறனான். மற்றதைக் கடையிலை குடுத்துத்தான் சீனியும் கோப்பித்தூளும் மாத்துறனான்."

எனக்குச் சத்தம் போட வாய் உன்னியது. விசரியோ நீ, பிள்ளையின் வாயைக் கட்டி எனக்கோ ஊற்றினாய் என்று கேட்க வந்தது. யாரில் சத்தம் போட? குடித்தது நான். குரலைத் தாழ்த்தி, "ஏனம்மா?" என்று மட்டும் கேட்டேன். அந்த வீட்டில் நான் உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். "நீங்கள் குறை நினைக்கக் கூடாது. உங்கடை பக்கம் தோட்டத்திலை இவருக்குத் தேத்தண்ணி குடுக்கிறது புறம்பாய் வைச்ச தகரப் பேணியிலைதான். அது பரவாயில்லை, வழக்கந்தானே. நீங்களும் எங்கடை வீட்டிலை தண்ணி குடிக்கிறேல்லை. போத்திலிலை கொண்டு வந்துதான் குடிக்கிறனீங்கள். கோப்பி எண்டால் மட்டும் குடிக்கிறியள். அதுவும் தராட்டி, நீங்கள் வாறதை விட்டிடுவியள். பிள்ளையை ஆர் வந்து பாக்கிறது?"

என் பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது உண்மை. கொதித்தாறிய தண்ணீர் குடியுங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்கிறவள் நான். அதற்காகத்தான் கொண்டு திரிகிறேன் என்று யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அரியாலையில் எங்கள் ஆட்களின் வீடுகளில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்திருக்கிறேன். அங்கே ஒரு நாளும் போத்தலைத் திறந்ததில்லை. இது அவள் சொல்லும் வரைக்கும் எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லவும் இப்போது துணிவில்லை.

"எனக்குக் கொஞ்சம் தண்ணி தாரும்," என்றேன்.

அவள் ஒரு செம்பில் கொண்டுவந்தாள். "கொதிக்க வைச்சு ஆறவிட்டதுதான் மிஸ்ஸி. நீங்கள் கிளினிக்கிலை முதல் நாள் சொன்னதிலையிருந்து அப்பிடித்தான் செய்யிறனான்."

செம்பில் வாய் வைத்துக் குடித்தேன். இருமி இருமிக் குடித்து முடித்தேன். பிறகு டொக்டர் சொல்லித் தந்தபடி, "ஒண்டு சொல்லலாமோ?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள்.

"நீர் ஒண்டும் தராட்டிலும் நான் வருவன். தாகமெண்டால் தண்ணி கேப்பன். வேற ஒண்டும் வேண்டாம்."

அடுப்பை மூட்டி நானே அந்த முட்டையை அவித்தேன். கோது உரித்து, பாதியாக்கி, உப்புத் தடவிப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். அது வாங்கித் தாயைப் பார்த்தது. "தின்னு குஞ்சு, உனக்குத்தான்," என்றாள் அவள். பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. முட்டைப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எட்டி வந்து என் முழங்காலில் ஒரு கையை ஊன்றி, அதை என் வாய்க்குக் கிட்ட நீட்டியது.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த வீட்டில் நான் வேண்டாம் என்றது அன்றைக்குத்தான்.