துப்பாக்கிக்குப் பிடித்த குண்டு

பெரிய துப்பாக்கி சுடுகிறவர்கள் எந்த வெடிமருந்து, எவ்வளவு மருந்து என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்களாம். எங்கள் பல்கலைக்கழக அணி சுடுவது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி. அதில் மருந்தே இல்லை, நிம்மதி என்று நினைத்துச் சேர்ந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பலாங்கொடைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குத் துப்பாக்கி என்ற சொல்லே ஆகாது. "தமிழ்ப் புள்ளைக்கு எதுக்கு அது? இந்தத் தடவ டீம்ல எடுக்கலன்னா விட்டுறணும்" என்று சத்தியம் வாங்கியிருந்தார். அணியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். சனிக்கிழமை தேர்வு.

எனக்குக் கிடைத்ததோ இருப்பதிலேயே பழைய துப்பாக்கி. பயிற்சியாளர் தந்த விலை கூடிய ஈயக் குண்டுகளைப் போட்டும் இலக்கு அட்டையின் நடுவில், பத்துப் புள்ளியில் விழவில்லை. குண்டுகளின் எடைதான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் என்று முடிவுகட்டினேன். டின்னைத் தூக்கிக்கொண்டு டவுனில் எங்களுக்குத் தெரிந்த மாணிக்கக்கல் வியாபாரியிடம் போனேன்; முஸ்லிம் அண்ணன் என்பதால் எங்களுக்கு அவர் 'நானா'.

"ஈயத்துக்குத் தராசு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான் புள்ள" என்று சிரித்தவர், கல் நிறுக்கும் தராசைத் தந்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். ஒரு பகல் முழுக்க ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரே எடையில் இருந்த அறுபதைப் பொறுக்கினேன். கண் எரிந்தது. ஆனாலும் ஜெயித்துவிட்டதாகவே நினைப்பு.

மறுநாள் துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, பொறுக்கியதில் ஐந்து சுட்டேன். ஐந்து ஓட்டையும் ஐந்து ஊரில்.

வந்த கோபத்தில், பழகுவதற்கென்று மூலையில் கிடந்த மலிவு டின்னிலிருந்து ஐந்து எடுத்துச் சுட்டேன். ஐந்தும் ஒரே ஓட்டையில் போயிருந்தன. நம்பாமல் அட்டையை மாற்றி மாற்றி நான்கு தடவை பார்த்தேன். அப்படியேதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விலையைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன், அந்தக் குழலுக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மலிவு டின்னைத் திறந்ததும் பக்கத்திலிருந்த தோழி, "அடியே, மாத்தித் தூக்கிட்டு வந்துட்டியா?" என்றாள். சிங்களவரான பயிற்சியாளரும் டின்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். இதுதான் இந்தத் துப்பாக்கிக்குச் சரி என்று அவர் மொழியிலேயே சொன்னேன். "ஹரி, பலமு" என்றார். சரி, பார்ப்போம் என்று அர்த்தம். இரண்டு குண்டு ஒன்பதுக்குப் போயின. மற்றதெல்லாம் பத்து.

அந்த இடம் எனக்கே கிடைத்தது. உடனே அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"எடுத்துட்டாங்கம்மா."

அந்தப் பக்கம் கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"போட்டி என்னைக்கி?" என்றார் அம்மா. "அன்னைக்கி நான் வேலைக்கிப் போகல. வந்து பாக்குறேன்."