இரண்டாவது சப்தமி

பால்கனிக் கம்பியை ஈரத்துணியால் துடைப்பது கல்யாணராமனின் வேலை. தீபாவளி கழிந்த மறுநாள் தொடங்கினால் தை பிறந்து காற்று திரும்புகிறவரை தினமும் துடைப்பார். புகைக்கரியில் துணி கறுத்துப்போகும், அலசிவிட்டு மறுபடி துடைப்பார். டெல்லி துவாரகாவில் நான்காவது மாடி. எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வாயைத் திறப்பதில்லை. உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருக்கும் மனைவியிடம் அந்த நாட்களில் வெளிச்சத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது என்று அவருக்குத் தெரியும்.

சுந்தரவல்லி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிரிவு அதிகாரியாகி, விருப்ப ஓய்வில் வெளியே வந்தவள். அலுவலகத்தில் ஓய்வுபெறுவோர் விழாக்களுக்கென்று ஒரு காமிரா வாங்கினார்கள். எடுக்கிறவர் குரூப் போட்டோவில் இருக்க முடியாது என்பதால் ஆண்கள் யாரும் அதைத் தொடவில்லை. அப்படித்தான் அது அவள் கைக்கு வந்தது. மாலையும் சால்வையும் எடுத்து அலுத்து, மதியச் சாப்பாட்டு வேளையில் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த இடிந்த கும்மட்டத்தை எடுக்கப் போனாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் தள்ளிப் போனாள்.

இப்போது தரியாகஞ்சில் ஒரு பதிப்பகத்துக்காக, யாரும் போகாத கல்லறை மாடங்களைப் பற்றிய புத்தகத்துக்குப் படம் எடுக்கிறாள். காமிரா முக்காலியை யோகா பாய்க்கான பையில் வைத்து மெட்ரோவில் கொண்டுபோவாள். வெளியில் தெரிந்தால் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, "ரீல் எடுக்கறீங்களா மேடம்?" என்று கேட்பார்கள். ஐம்பத்தைந்து வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

எல்லாப் படங்களும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. மெஹ்ரௌலிப் பக்கம், முட்புதர்களுக்கு நடுவே பூட்டிக் கிடக்கும் ஒரு சிறிய மாடம். உள்கூரையில் நீலமும் செம்மண் நிறமுமாகப் பூவேலை. சாயம் கெடும் என்று ஃப்ளாஷ் போட அனுமதி கிடையாது. உள்ளே கும்மிருட்டு. தெற்குப் பக்கத்துக் கல் ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து மேலே எம்பினால்தான் கூரை தெரியும். கோடையில் வெயில் உச்சியிலேயே நின்றுவிடும், ஜன்னலுக்குள் இறங்காது. இறங்குகிற குளிர்காலத்திலோ டெல்லியில் வெயிலே இருக்காது. நடுவில் கொஞ்ச நாள், ஐப்பசியின் பின்பாதி, அதிர்ஷ்டமிருந்தால் உண்டு. போன வருஷம் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் அனுமதி வரவில்லை.

இந்த வருஷம் ஆவணியிலேயே மனு போட்டாள். ஐப்பசியில் மாமனாரின் ச்ராத்தம் வரும். தேதி இடிக்கக் கூடாதென்று சமையலறைக் காலண்டரைப் பார்த்தாள். ஐப்பசி முதல் தேதியே அவருடைய திதி, தேய்பிறை சப்தமி என்று போட்டிருந்தது. நல்லதாய்ப் போயிற்று, முதலிலேயே முடிந்துவிடும் என்று ஐப்பசிக் கடைசி நாளைக் கேட்டு எழுதினாள். மனு இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, அந்த ஒரு நாளுக்கு மட்டும், முக்காலிக்கும் பூட்டைத் திறப்பதற்கும் சேர்த்து அனுமதி வந்தது.

புரட்டாசிக் கடைசியில் கரோல் பாக் வாத்யாருக்குப் போன் செய்த கல்யாணராமன் பால்கனியிலிருந்து உள்ளே வந்தார்.

"வல்லி, முதல் தேதி இல்லையாம். மாசத்துல திதி ரெண்டு தரம் வந்தா பின்னால வரதுலதான் பண்ணணுமாம்."

"பின்னாலன்னா?"

"ஐப்பசி கடைசி நாள்."

அவள் காலண்டரைப் பார்த்தாள். கடைசி நாளிலும் சப்தமி இருந்தது. ஆவணியில் அவள் அவ்வளவு தூரம் புரட்டிப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவரையா போய்க் கேக்க முடியும்?"

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. தேதியை மாற்றக் கேட்டால் மனு மறுபடி முதலிலிருந்து போகும்; பதில் வருவதற்குள் பனி இறங்கிவிடும். தை மாதம் புத்தகம் அச்சுக்குப் போகிறது. படம் இல்லாவிட்டால் அந்த மாடத்தையே நீக்கிவிடுவோம் என்று பதிப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த மாடத்துக்காகத்தான் இந்தப் புத்தகத்தையே அவள் ஒப்புக்கொண்டாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

ராத்திரி சாப்பாட்டில் மகள் ஷ்ரேயா, "அம்மா, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே. போன வருஷம் எடுத்தது இருக்கே, அதுல லைட் போட்டுடலாம். ஆப் இருக்கு," என்றாள்.

"இல்லாத வெயிலை நான் எப்படிடி போடறது?"

"சாம்பார்ல உப்பு போடற மாதிரிதான்."

கல்யாணராமன் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "காலம்பற போயிட்டுப் பதினோரு மணிக்குள்ள வந்துடு. தளிகைக்கு ஒரு மாமியைச் சொல்லிடறேன். நீ வந்து தலைக்கு விட்டுண்டு, என் கையில தீர்த்தம் விட நின்னாப் போறும்."

மனிதர் தன்னால் முடிந்த மட்டும் இறங்கி வந்திருக்கிறார். சுந்தரவல்லி சரி என்றாள். ஜன்னலுக்குள் வெயில் இறங்குவதே பதினோரு மணிக்குப் பிறகுதான் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஐப்பசிக் கடைசி நாள் காலை எதிர் பிளாக்கே தெரியவில்லை. மாடத்து வாசலில் காவலுக்கு இருந்த சௌகிதார் மங்கி குல்லாயோடு உட்கார்ந்திருந்தான். அனுமதிக் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு மேலேருந்து யாரும் சொல்லலையே மேடம்ஜி."

"சொல்றதுக்குத்தானே பையா இந்தக் கடுதாசி?"

"கடுதாசி உங்ககிட்ட வந்திருக்கு. எனக்கு வரலையே."

அவன் அதைப் போட்டோ பிடித்து யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இருவரும் அவன் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்து முடித்தபின்னும் பதிலில்லை. கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். அது முதலிலிருந்தே அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

உள்ளே புறா எச்சமும் பழைய ஈரமும் நாறின. அவள் முக்காலியை விரித்து, காமிராவைக் கூரை பார்க்க மாட்டி, தரையில் செய்தித்தாள் போட்டு உட்கார்ந்தாள். முட்டி வலித்தது. கல் ஜன்னலுக்கு வெளியே சூரியன் பழைய ஐம்பது பைசா மாதிரி இருந்தது. கண் கூசாமல் பார்க்க முடிந்தது. தரையில் ஒன்றும் விழவில்லை. இருட்டிலேயே சிலது எடுத்தாள். திரையில் கூரை, கஞ்சியில் விழுந்த துணி மாதிரி தெரிந்தது.

கிளம்பியிருக்க வேண்டிய நேரம் வந்தது. முக்காலியின் ஒரு காலை மடக்கினாள். சுவரில் அவள் நிழல் லேசாக, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி விழுந்தது. காலை மறுபடி நீட்டினாள்.

போன் அடித்தது.

"வாத்யார் வந்தாச்சு. அவருக்கு இன்னொரு ஆத்துக்கு வேற போணுமாம். எங்க இருக்கே?"

"கிளம்பிட்டேன்," என்றாள்.

"அச்சா. ஜாக்கிரதையா வா."

போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் புகை எங்கோ ஒரு பக்கம் விலகி, வெயில் ஜன்னலின் கல் ஓட்டைகள் வழியாக வந்து தரையில் சிதறியது. தூசி பொன்னிறமாயிற்று. கூரை மெல்ல எழுந்தது. முதலில் செம்மண், பிறகு நீலம், பிறகு இதுவரை அவள் பார்த்தே இராத மெல்லிய வெள்ளைக் கொடி ஒன்று. பட்டனை அழுத்தி, மூச்சை விட்டு, மறுபடி அழுத்தினாள். வாசலில் சௌகிதார் குல்லாயைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தான். "இத்தனை வருஷமா பூட்டறேன், இது தெரியாது," என்றான். பிறகு வெயில் போய்விட்டது. படம் கிடைத்துவிட்டது. அவளுக்கு உடனே தூங்க வேண்டும் போலிருந்தது.

வீட்டில் எள்ளும் நெய்யும் மணத்தன. வாத்யாரும் சாப்பிட வந்த இருவரும் போய்விட்டிருந்தார்கள்; தளிகை மாமி புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். சுந்தரவல்லி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது, சாப்பாட்டு அறையில் அவளுக்கு ஓர் இலை போட்டிருந்தது. கல்யாணராமனே பரிமாறினார். சாதம் இன்னும் ஆறவில்லை, சூடு பண்ணியிருக்கிறார்.

"வெயில் வந்ததா?"

"வந்தது."

"நன்னா வந்திருக்கா?"

"ம்."

அவர் பாகற்காய்க் கறியைப் போட்டார். எள்ளுருண்டை ஒன்று வைத்தார். "ரெண்டாவதும் வச்சுக்கோ, ஷ்ரேயா தொடமாட்டா."

அவள் வைத்துக்கொண்டாள்.

"வாத்யார் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நானே விட்டுண்டேன், தீர்த்தம். இடது கையால." அந்தக் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பாதி வேஷ்டியில போயிடுத்து."

சுந்தரவல்லி சாதத்தைப் பிசைந்தாள். அவர் ரசப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"டிராஃபிக்கா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்ற பதிலை எடுத்துத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"நான் போன் பண்றச்சே," என்றார் அப்புறம், குரலை உயர்த்தாமல், "எங்க இருந்தே?"

அவள் இலையில் ரசத்துக்குக் குழி செய்தாள். அவர் குனிந்து அதில் ரசத்தை ஊற்றினார். ஓரம் உடைந்து வழிந்ததை அவள் விரலால் அணை கட்டினாள். அவர் பாத்திரத்தை மூடிக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனார்.