மேற்குச் சுவர் ஓரத்து நாற்காலி

என் அக்கா வெல்டா 'சரி' என்று சொல்லிக் கேட்டவர்கள் எங்கள் கான்சாஸ் பக்கத்தில் கொஞ்சம் பேர்தான். முப்பது வருடமாக மரக் கட்டடங்களின் சுவர்க் கணக்குப் பார்க்கிறாள். அவள் கையெழுத்து இருந்தால் அதிகாரிகள் மறுபேச்சில்லாமல் அனுமதி கொடுப்பார்கள். ஆள் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. அவள் வண்டியைப் பார்த்ததும் ஆறடித் தச்சர்கள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள்.

"கூரையைத் தாங்குமான்னு எல்லாரும் பாக்குறான். காத்தைத் தாங்குமான்னு பாதிப் பேர் பாக்குறான். ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா தாங்குமான்னு பாக்கத்தான் நான் இருக்கேன்" என்பாள். கர்வம்தான். ஆனால் அவள் கர்வப்பட்டது எதுவும் பொய்யாகவில்லை.

எங்கள் சபைக்குப் புது விருந்துக்கூடம் கட்டினோம். வரைபடம் அக்காவுடையது, தச்சுவேலைக்குத் தலைவன் நான். முதல் விருந்தே அவள் மகள் மார்லிஸின் கல்யாணம். சனிக்கிழமை, இருநூற்றைம்பது பேர். புதன் காலையில் கடைசிப் பரிசோதனைக்கு அக்கா வந்தாள். மார்லிஸும் கூடவே வந்து, மேசைகளை எங்கே போடலாம் என்று அளந்துகொண்டிருந்தாள்.

மேற்குச் சுவருக்கு உள்பலகை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. உள்ளே நிற்கும் கட்டைகள் தெரிந்தன. அக்கா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"ஹார்லன், இங்க வாடா. தரையிலேர்ந்து கூரை வரைக்கும் ஒரே கட்டைன்னு வரைஞ்சிருந்தேனே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழக்க தோஷத்தில் எட்டடிச் சுவரை எழுப்பி, குறுக்குக்கட்டை வைத்து, அதன்மேல் முக்கோணச் சுவரை ஏற்றியிருந்தோம். வீட்டில் அப்படித்தான் செய்வோம். அங்கே அந்த இணைப்பை உள்கூரை பிடித்துக்கொள்ளும். இந்தக் கூடமோ முகடு வரை திறந்து கிடந்தது.

"வெளிப்பக்கம் பலகை அடிச்சிருக்கோம்க்கா. நிக்கும்" என்றேன்.

அவள் என் மடக்கு அளவுகோலைப் பிடுங்கி, இரண்டு மடிப்பை நீட்டித் தரையில் நிறுத்தினாள். நடு மூட்டில் விரலால் தட்டினாள். நின்றது. மேலே என்னை அழுத்தச் சொன்னாள். அப்போதும் நின்றது. நான் அழுத்திக்கொண்டிருக்கும்போதே மறுபடி தட்டினாள். பொசுக்கென்று மடங்கி, நான் குப்புற விழப் பார்த்தேன்.

"இதான்டா உன் சுவர். முகட்டு உத்தரம் மேல உக்காந்திருக்கு, மேக்காலேர்ந்து காத்து. பிரிச்சுக் கட்டு."

நீளக்கட்டை வந்து சேரவே ஒரு வாரம் ஆகும். மார்லிஸுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஒரு நாள்தானேம்மா! அன்னைக்குக் காத்தே இருக்காதுன்னு சொல்றாங்க."

"யார் சொல்றது? காத்தா?"

"மாமா தப்புக்கு என் கல்யாணமா கிடைச்சுது?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அக்கா குரலை உயர்த்தவில்லை. மகள் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள். யார் எந்த மேசை என்று எழுதிய பட்டியல் அது.

"சரி. இங்கேயே நடத்து. அந்தச் சுவர் ஓரம் யாரை உக்கார வைக்கப் போறேன்னு மட்டும் சொல்லு."

மார்லிஸ் பட்டியலைப் பார்த்தாள். அந்த ஓரத்தில் குழந்தைகளின் மேசையைப் போட்டிருந்தாள். அவசரமாகப் பென்சிலால் அதை அடித்தாள்.

"உன்னையே உக்கார வைக்கிறேன்!"

"வை. மூச்சு விடாம உக்காருவேன்" என்றாள் அக்கா. "எட்டு நாற்காலி போடுற மேசைடி அது. என் பக்கத்துல யாரு?"

பென்சில் ஒரு பெயரில் நின்றது. நகர்ந்தது. இன்னொரு பெயரில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா, மாசமாக இருக்கும் தோழி, என் மனைவி. முழுப் பட்டியலும் முடிந்தது. ஒரு பெயரைக்கூட அவளால் எழுத முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்க ட்ராக்டர் ஷெட்டைக் காலி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"